பொழிப்பு கொஞ்சம் பொறுக்கட்டும்

2018ஆம் ஆண்டு விருதுநகர் மாவட்டத்தின் பெயர் இரண்டு பட்டியல்களில் வந்தது. ஜனவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரமும் விருதுநகரும் சேர்க்கப்பட்டன. மே மாதம் வெளியான பிளஸ் டூ முடிவிலோ 97.05 விழுக்காட்டுத் தேர்ச்சியோடு விருதுநகர்தான் மாநிலத்தில் முதலிடம். முதல் பட்டியல் தண்ணீர், வேளாண்மை, மருத்துவம் என்று பலதையும் கணக்கில் எடுத்தது. அதை வைத்துப் பள்ளிகளைக் குறை சொல்வது நியாயமாகாது. இரண்டாவது பட்டியலும் சும்மா வந்ததல்ல. அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களிலிருந்தும் திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்க்கரை ஊர்களிலிருந்தும் வரும் பிள்ளைகளை ஸ்பெஷல் கிளாஸில் உட்காரவைத்துத் தேற்றிய ஆசிரியர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. ஆனால் தேர்ச்சி விழுக்காடு ஒரு கேள்விக்கு விடை தருவதில்லை. ஆங்கிலத்தில் தேறிய மாணவர், முன்பின் பார்த்திராத அரைப்பக்க ஆங்கிலத்தைத் தனியே படித்து, அது என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று கூறுவாரா? பலரால் முடியாது என்பது நமக்குத் தெரியும். பழியைப் பிள்ளைகளின் சூழல் மீதும் தமிழ்வழி மீதும் போட்டுப் பழகிவிட்டோம். நாம் பாடம் நடத்தும் வரிசையில்தான் முதல் கோளாறு என்பது இந்த உரையின் வாதம்.

அந்த வரிசை எல்லோரும் அறிந்ததே. ஆசிரியர் ஒரு வரியை வாசிப்பார், உடனே தமிழில் பொருள் சொல்வார். மாணவர்கள் கடினச் சொற்களின் தலைமேல் பென்சிலால் தமிழைக் குறித்துக்கொள்வார்கள். பாடம் முடிந்ததும் புக் பேக் கேள்விகளுக்கு விடை கரும்பலகையில் ஏறும், நோட்டில் இறங்கும், பிறகு மனப்பாடம். தேர்வு நெருங்கினால் மெல்லக் கற்போருக்கு மினிமம் மெட்டீரியல். இதில் எந்தக் கட்டத்திலும் மாணவர் ஓர் ஆங்கில வாக்கியத்தோடு தனியாக மல்லுக்கட்ட வேண்டிய தேவையே எழுவதில்லை. பொருள் காதுக்குத் தமிழாக வந்துசேர்ந்துவிடுகிறது. ஆங்கிலம் படியெடுப்பதற்கு மட்டும் மிஞ்சுகிறது. படியெடுத்தல் பழைய நோய்தான். திருச்சுழியில் பிறந்து பின்னாளில் ரமணரான வேங்கடராமன், பெயினின் ஆங்கில இலக்கணப் பாடம் ஒன்றை மும்முறை எழுதிவரும்படி விதிக்கப்பட்ட தண்டனையை இரண்டாவது முறையோடு நிறுத்திவிட்டு, 1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குப் புறப்பட்டார். எல்லாரும் ரமணராக முடியாது. மற்ற பிள்ளைகள் மூன்றாவது முறையும் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறார்கள்.

அப்படியானால் ஆங்கில வகுப்பில் தமிழே கூடாது என்று சிலர் கிளம்புவார்கள். அது நோயை விடக் கொடிய மருந்து. மாணவர் யோசிப்பது தமிழில். அதைப் பூட்டிவிட்டால் கிடைப்பது மௌனம். ஆங்கிலம் வாசிக்க உதவும் கருவிகளும் தமிழ் வகுப்பிலேயே உண்டு: பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் வினா வகைகளும் பொருள்கோளும் இருக்கின்றன. செய்யுளில் அங்கங்கே கிடக்கும் சொற்களைச் சேரவேண்டிய இடத்தில் சேர்த்துப் பொருள் கொள்வது கொண்டுகூட்டு. நீண்ட ஆங்கில வாக்கியத்தில் எழுவாய் எது, அதற்குரிய வினை எது, நடுவில் செருகிய தொடர் எதைச் சேர்ந்தது என்று தேடுவதும் இதே வேலைதான். தமிழாசிரியரிடம் அதைச் செய்யும் பிள்ளை, அடுத்த பாடவேளையில் ஆங்கில ஆசிரியர் பொழிப்பு சொல்லக் காத்திருக்கிறது. வினா வகையிலும் இதே கதை. நாம் கேட்பவை அநேகமாக அறிவினாக்கள். விடை முன்பே நம் நோட்ஸில் இருக்கிறது. உண்மையான ஐயத்தில் கேட்கும் ஐயவினா நம் வகுப்பில் அபூர்வம். பத்தாம் வகுப்பு ஆங்கில நூலின் முதல் பாடம் லியாம் ஓ'ஃபிளஹர்ட்டியின் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்'. பறக்க அஞ்சிப் பசியோடு பாறையில் கிடக்கும் கடற்பறவைக் குஞ்சின் எதிரே, மீன்துண்டோடு வந்த தாய் எட்டும் தூரத்தில் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. வேண்டுமென்றே செய்ததா? கொடுமையா, பாடமா? கதாசிரியர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. விடைக்கான தடயம் எந்த வரியில் இருக்கிறது என்று வகுப்பு தேடட்டும். வாதம் தமிழில் நடக்கட்டும். ஆசிரியரின் பொழிப்பு அதற்குப் பிறகு வரட்டும்.

இது புதுச் சரக்கு அல்ல. ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில் நடத்திய பெங்களூர் திட்டத்தில், ஆசிரியர் ஒரு ரயில் அட்டவணையையோ வரைபடத்தையோ வகுப்போடு சேர்ந்து வாசித்து, கேள்வி கேட்டு ஒரு முடிவுக்கு வருவார். பிறகு அதைப் போன்ற இன்னொன்றை மாணவர் தனியே செய்வார். மானாவாரிச் சீமையில் அட்டவணைக்குப் பதில் வானிலை அறிக்கையை எடுக்கலாம். மாவட்டத்தில் 'ஐசொலேட்டட்' மழை என்று ஆங்கில அறிக்கை சொன்னால், வானிலைத் துறையின் கணக்கில் அது அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கு நிலையங்களில் பெய்யும் மழை. அறிக்கையை நம்பி ஒருவர் நாளை திருச்சுழியில் பருத்தி ஊன்றலாமா? திருச்சுழியில் மழை உண்டு என்று அறிக்கை சொல்கிறதா, இல்லை என்கிறதா, இரண்டும் சொல்லவில்லையா? எந்தத் தொடரை வைத்து அப்படிச் சொல்கிறாய்? வானம் பார்த்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வியின் கனம் யாரும் விளக்கத் தேவையில்லை.

எழுத்துக்கூட்டவே தடுமாறும் பிள்ளையிடம் இதெல்லாம் நடக்குமா என்பது நியாயமான ஆட்சேபம். ஆய்வும் ஓரளவு அதன் பக்கமே நிற்கிறது: துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள நூறு சொல்லில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்றது ஹூ, நேஷன் இருவரின் 2000ஆம் ஆண்டுக் கட்டுரை. எழுத்தே கூடாதவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆனால் இன்றைய பொழிப்பு அவருக்கும் எழுத்தைக் கற்றுத்தருவதில்லை. சொல் போதாதவருக்கு வேறொரு பிடி உண்டு. அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி 1988இல் வெளியிட்ட ஆய்வில், வாசிப்பில் பின்தங்கினாலும் பேஸ்பால் ஆட்டம் நன்றாகத் தெரிந்த மாணவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசிப்பாளர்களை விட அந்த ஆட்டம் பற்றிய பகுதியை மேலாகப் புரிந்துகொண்டார்கள். தெரிந்த பொருள், தெரியாத சொல்லைத் தாங்கிப்பிடிக்கும். பருத்தி, மல்லிகை, தறி, கரிமூட்டம் பற்றிய எளிய ஆங்கிலப் பத்தியில் தொடங்கச் சொல்வது இதனால்தான். பிள்ளைகளைக் கரிசலுக்குள்ளேயே அடைத்துவைக்கும் யோசனை அல்ல இது. கடற்பறவைக்குப் போகும் வழி. பிரபுவின் அளவுகோலையும் கவனிக்கலாம்: வகுப்பில் பாதிப்பேராவது வேலையில் பாதியையாவது சரியாக முடித்தால் அந்த வேலை பொருத்தமானது. நூறு சதவீதத் தேர்ச்சிக்குப் பழகிய நமக்கு இது உறுத்தும்.

பெரிய தடை தேர்வுதான். பொதுத்தேர்வு வினாத்தாளில் பாடநூலுக்கு வெளியேயான பத்திக்குக் கிடைப்பது சிறு பங்கு. அதற்காக வாரம் ஒரு பாடவேளையைக் கொடுக்கத் தலைமையாசிரியர்கள் தயங்குவார்கள். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராயிருந்த மைக்கேல் வெஸ்ட், எந்தப் படிப்பு நேரத்துக்கு ஈடாகும் என்ற கணக்கை 1926லேயே போட்டுப் பார்த்தார். பாதியில் நிற்கும் மாணவருக்குப் படிப்பின் சரண்டர் மதிப்பு என்ன என்று காப்பீட்டுக்காரர்போலக் கேட்டு, வங்காளப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஆங்கிலம் வாசிக்கும் திறன் என்றார். பத்தாவதோடு நூற்பாலைக்கும் திருப்பூருக்கும் போகிறவருக்கு மனப்பாடச் செய்யுளின் சரண்டர் மதிப்பு பூஜ்யம். பூச்சிமருந்து டப்பாவின் எச்சரிக்கையையும் வேலை ஒப்பந்தத்தையும் வாசிக்கும் திறனுக்கு மதிப்பு உண்டு. பொதுத்தேர்வு நம் கையில் இல்லை. வகுப்பில் நாமே வைக்கும் தேர்வு நம் கையில் இருக்கிறது. அதில் பத்து மதிப்பெண்ணைப் பார்த்திராத பத்திக்கு ஒதுக்கலாம். விடையைத் தமிழில் எழுதவும் இடம் தரலாம். அது எந்த ஆங்கில வரியிலிருந்து வந்தது என்பதை மட்டும் மாணவர் அடிக்கோடிட்டுக் காட்டவேண்டும். முதல் முறை பலர் வெற்றுத்தாளைக் கொடுப்பார்கள். அந்த மதிப்பெண்ணைப் பட்டியலில் ஏற்றாமல், ஒவ்வொருவரும் எந்த வரியில் நின்றுபோனார் என்று அவரையே கேட்டு, அடுத்த வாரப் பத்தியை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்கலாம்.