ஒரு பெயர், ஐந்து மனிதர்

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் நின்றுகொண்டு, "ரங்கராஜன்!" என்று ஒரு முறை உரக்கக் கூப்பிட்டால், குறைந்த பக்ஷம் நான்கு வீடுகளிலிருந்து "யார் அது?" என்று பதில் வரும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் வழக்கம். பெயரைத் தாங்குவதால் அவன் பெயரன். அதுவே பேரன் என்றாயிற்று. ஆகவே ஒரே பெயருடையார் பலர் இருப்பது நமக்குப் புதுமையன்று. ஆயினும், அந்நிய நாட்டார் விஷயத்தில் மட்டும் நாம் எளிதில் ஏமாந்து போகிறோம்.

துவாக்குடியில் நம்மிடம் படிக்கும் மாணாக்கன் ஒருவன் சென்ற பரீக்ஷையில், "இந்தியாவுக்காகப் பார்லிமெண்டில் வாதாடிய பர்க், அந்தமானில் கைதி ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார்" என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்த பிறகு சற்று யோசித்தோம். பையன் முழுப் பொய் எழுதிவிடவில்லை. இரண்டு மெய்களைச் சேர்த்துத் தைத்துவிட்டான். அந்தத் தையலைப் பிரிப்பதே இவ்வாரம் நமது வேலை.

பர்க் என்பதும் போர்க் என்பதும் ஒரே பெயரின் இரு வடிவங்கள். 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அயர்லாந்துக்கு வந்த வில்லியம் டி பர்க் என்ற நார்மன் பிரபுவினால் அப்பெயர் அங்கே வேரூன்றிற்று. வெல்ல வந்தவர்களின் சந்ததியார் நாளடைவில் அந்நாட்டுப் பாஷையும் பழக்கமும் கொண்டு ஐரிஷ்காரர்களாகவே ஆகிவிட்டனர்.

இப்பெயருடையாருள் முதல்வர் எட்மண்டு பர்க். 1729-இல் டப்ளின் நகரில் பிறந்தவர். தாயார் கத்தோலிக்கர், அக்காலத்தில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களைச் சட்டமே ஒடுக்கி வைத்திருந்தது. அடக்குமுறை இன்னதென்று அவர் வீட்டிலேயே கற்றிருக்க வேண்டும்.

அவருக்கும் நம் பிரதேசத்துக்கும் என்ன சம்பந்தம்? துவாக்குடி திருச்சி ஜில்லாவின் கீழ் எல்லையில், தஞ்சைச் சாலையில் இருக்கிறது. அக்காலத்தில் திருச்சி ஆற்காட்டு நவாப் முகம்மது அலியின் வசம். கிழக்கே தஞ்சை மராட்டிய மன்னர் துளஜாவின் ராஜ்யம். நவாப் கம்பெனி வெள்ளைக்காரர்களிடம் பெருங்கடன் பட்டிருந்தார். 1773-இல் கம்பெனிப் பட்டாளத்தின் துணையால் தஞ்சையைப் பிடித்து மன்னரைச் சிறை வைத்தார். 1776-இல் கவர்னர் பிகட் பிரபு மன்னருக்கு நாட்டைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்ததும், பால் பென்பீல்டு என்ற கம்பெனி உத்தியோகஸ்தர், தஞ்சை வருமானத்தின் மேல் தமக்கு இரண்டு லக்ஷத்து முப்பதினாயிரம் பவுனுக்கு மேல் பாக்கியிருப்பதாக வழக்காடினார்! அந்தக் கலகத்தில் கவர்னரையே அவரது சபையார் கைது செய்தனர். 1777-இல் அவர் காவலிலேயே இறந்தார்.

இந்தக் கடன்களை விசாரணையின்றிக் கர்நாடகத்து வரிப்பணத்திலிருந்து தீர்க்க ஆங்கில மந்திரிகள் துணிந்தபோது, 1785 பிப்ரவரியில் பர்க் எழுந்து பேசினார். வட்டிக்காரர்களின் தந்திரங்களையும், ஹைதர் அலியின் படையெடுப்பால் பாழான நாட்டையும் எடுத்துரைத்தார். கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரியனவும் நடுத்தரமானவையுமாகப் பதினாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் உண்டென்று கணக்குச் சொல்லி, அவற்றை வெட்டுவித்த நம் பழைய அரசர்களை மனமாரப் புகழ்ந்தார். இந்தியாவை ஒரு நாளும் கண்ணால் பாராதவர் அவர்! வாக்கெடுப்பில் தோற்றார், பேச்சு நிலைத்துவிட்டது.

இரண்டாமவர் வில்லியம் பர்க். எட்மண்டும் இவரும் ஒருவரையொருவர் உறவினரென்றே சொல்லிக்கொண்டனர். 1777-இல் சென்னைக்கு வந்த வில்லியம், தஞ்சை மன்னரின் ஏஜெண்டாக அமர்ந்தார். பின்பு எட்மண்டு ராணுவச் சம்பள இலாகாவின் தலைவரானபோது, வில்லியத்துக்கு இந்தியாவில் அதே இலாகாவில் உத்தியோகம் கிடைத்தது. ஆகவே, எட்மண்டு தஞ்சைக்காகப் பேசியது தர்மத்துக்கா, சுற்றத்துக்கா என்று விரோதிகள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆனால் வக்கீலின் உறவினருக்கு லாபம் உண்டென்பதனால் வழக்கே பொய்யாகிவிடுமா? குடிகள் பட்ட துன்பம் மெய். அதற்கு வேறு சாக்ஷி வேண்டுவதில்லை.

மூன்றாமவரே பையனைக் குழப்பியவர்: மேயோ பிரபு. இயற்பெயர் ரிச்சர்டு போர்க். இவரும் டப்ளினில் பிறந்தவர். 1869 முதல் இந்தியாவின் ராஜப்பிரதிநிதி. நாடு முழுவதற்குமான முதல் ஜனக்கணக்கு இவர் காலத்தில்தான் தொடங்கிற்று. 1872 பிப்ரவரி 8-ஆம் தேதி மாலை, போர்ட் பிளேரில் படகேறப் போகையில், ஷேர் அலி என்ற பட்டாணியக் கைதியின் கத்திக்கு இரையானார்.

நான்காமவர் அவருடைய தம்பி ராபர்ட் போர்க். 1886 முதல் 1890 வரை சென்னைக் கவர்னர். அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கன்னிமரா என்ற பகுதியின் பெயரால் பிரபுப் பட்டம் பெற்றார். கன்னிமரா என்றால் ஏதோ கிராம தேவதையின் பெயர் போலல்லவா நம் காதில் விழுகிறது? 1890 மார்ச்சில் எழும்பூரில் அவர் அஸ்திவாரக் கல் நாட்டிய நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. இன்று இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரவேண்டிய நூலகங்களுள் அதுவும் ஒன்று. ஏழை மாணாக்கர் எத்தனையோ பேருக்கு அதுவே கலாசாலை.

ஐந்தாமவர் ராபர்ட் ஓஹாரா பர்க். 1860-இல் ஆஸ்திரேலியாவைத் தெற்கு வடக்காகக் கடக்கப் புறப்பட்டு, மறு வருஷம் திரும்பும் வழியில் பட்டினியால் மாண்டார். அவர் பிரயாணத்துக்கு ஒட்டகங்கள் போனது நம் இந்தியாவிலிருந்து!

பெயர் ஒன்று; தேசமும் ஒன்று. ஒருவர் நமக்காக வாதாடினார். ஒருவர் நம்மிடம் ஊதியம் தேடினார். இருவர் நம்மை ஆண்டனர். ஒருவருக்கு நம்மோடு ஒட்டக உறவு மட்டுமே. பெயரைப் பார்த்து மனிதரை எடை போடலாகாது என்பதை நம் மாணாக்கனுக்குச் சொன்னோம்.

அவன் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டான்: "ஸார், பர்க் எண்ணிய ஏரிகளுள் இன்று எத்தனை இருக்கின்றன?" நாம் உடனே பதில் சொல்லவில்லை. நம் வீடுகளில் பாட்டனார் பெயரைப் பேரன் தாங்குகிறான். பாட்டனார் வெட்டிய ஏரியைத் தாங்குகிறவன் யார்? தூர்ந்த ஏரிக்கரையில் நின்று கொண்டு பெயரை மட்டும் சொல்லிக்கொள்கிறவனைப் பேரன் என்று அழைப்பது எப்படிப் பொருந்தும்?