ஆணி பிசகாத பொய்

சென்ற வாரம் இயற்பியல் துறை நண்பர் ஒருவரின் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு நீராவி எஞ்சினைக் கண்டேன். 05 002 என்ற எண்ணுடைய ஜெர்மானிய விரைவு எஞ்சினை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்த மாதிரி. முகப்பு முதல் நிலக்கரிப் பெட்டி வரை ஒரே கவசம் போர்த்திய, கருஞ்சிவப்பு நிறம் கொண்ட, ஓரடி நீளப் பொருள். “ஓர் ஆணிகூடப் பிசகவில்லை. வரலாற்றுக்கு இதைவிடப் பெரிய மரியாதை உண்டா?” என்றார் நண்பர். அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்ல விழைகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இவற்றை வளர்ந்தவர்களின் பொம்மை விளையாட்டு என்று எள்ளுபவன் அல்லன் நான். அசலின் இயக்குச் சக்கரம் 2.3 மீட்டர் விட்டம் உடையது. மாதிரியில் அது ஏறத்தாழ 26 மில்லிமீட்டர். அந்தச் சிறுமைக்குள் ஆரக்கால்களையும் இணைப்புத் தண்டுகளையும் பொருத்தும் கை, தச்சன் கைக்கும் சிற்பி கைக்கும் குறைந்ததன்று. அசலும் அற்பமானதன்று. அடோல்ஃப் வோல்ஃப் வடிவமைத்து போர்சிக் ஆலை கட்டிய அந்த எஞ்சின், 1936 மே 11 அன்று பெர்லின்–ஹாம்பர்க் தடத்தில் 197 டன் எடையுள்ள வண்டியை இழுத்துக்கொண்டு மணிக்கு 200.4 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. 1938 ஜூலையில் இங்கிலாந்தின் ‘மல்லார்ட்’ முந்தும்வரை நீராவி எஞ்சின்களின் உலகச் சாதனை அதுவே.

என் மறுப்பு ‘பிசகவில்லை’ என்ற சொல்லின் மீதுதான். எதில் பிசகவில்லை? அளவில், நிறத்தில், எண்ணில். எஞ்சினை ஓட்டிய அரசு மட்டும் அங்கே இல்லை. நாஜி ஆட்சியில் ஜெர்மானிய ரயில்வே தன் வண்டிகளில் பொறித்தது ஸ்வஸ்திகாவைப் பற்றிய கழுகுச் சின்னம். இன்றைய மாதிரிகளில் ஸ்வஸ்திகா பொதுவாக விடப்பட்டிருக்கும். கல்வி, கலை, ஆய்வு போன்றவற்றுக்கு விலக்களித்துவிட்டு, அச்சின்னத்தைப் பொதுவில் காட்டுவதை ஜெர்மானியக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவு தடைசெய்கிறது. தடை நியாயமானது. அந்தச் சின்னம் வரவேற்பறை அலமாரிகளுக்குத் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நீக்கியதை நீக்கியதாகச் சொல்லாமல், அந்த வெற்றிடத்தையும் சேர்த்து ‘துல்லியம்’ என்று பெயரிடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

மாதிரி ரயில் ஆர்வலர்களின் காலப் பகுப்பைப் பாருங்கள். ஐரோப்பாவில் அவர்கள் ரயில் வரலாற்றை எண்ணிட்ட காலகட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ‘இரண்டாம் காலகட்டம்’ என்பது முதல் உலகப் போருக்குப் பின் தொடங்கி இரண்டாம் உலகப் போரின் முடிவை எட்டுவது. வைமார் குடியரசும் ஹிட்லரின் அரசும் அந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம். 1933 அங்கே எல்லைக்கோடு ஆவதில்லை. வண்டிகளின் எண்முறையும் எழுத்துப் பொறிப்பும் மாறினால்தான் அவர்களுக்குக் காலம் மாறும். களப்பிரர் காலத்தை ‘இருண்ட காலம்’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவைத்துப் பாடம் நடத்திய மரபில் வந்தவன் நான். ஒரு காலத்துக்கு இடும் பெயர் எவ்வளவு மறைக்கும் என்பது எனக்குத் தெரியும்.

“இயந்திரத்துக்கு ஏது அரசியல்? 05 யாரையும் மரண முகாமுக்குக் கொண்டுபோகவில்லையே” என்பார் நண்பர். செல்வந்தர்களும் அதிகாரிகளும் ஏறும் விரைவு வண்டிகளுக்காகவே அது கட்டப்பட்டது என்பது உண்மை. ஆனால் அதன் உடைமையாளர் யார்? 1926 முதல் 1945 வரை ரயில்வேயின் தலைமை இயக்குநராக இருந்தவர் யூலியுஸ் டோர்ப்முல்லர்; 1937 முதல் அவர் ஹிட்லரின் போக்குவரத்து அமைச்சரும்கூட. அந்த நிறுவனம் யூதர்களை முகாம்களுக்கு ஏற்றிச் சென்றபோது பயணக் கட்டணம் வசூலித்தது. கிலோமீட்டருக்கு 4 பென்னிக். 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாதி. 400 பேருக்கு மேல் போனால் குழுச் சலுகை. வரலாற்றாசிரியர் ராவுல் ஹில்பர்க் ஆவணப்படுத்திய கணக்கு இது. வேகத்தைப் பதின்மத்தில் ஓர் இலக்கம் வரை அளந்து வைத்த அதே நிர்வாக ஒழுங்குதான் இந்தக் கட்டணப் பட்டியலையும் பேணியது. முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடும் உரிமையை ரசிகருக்கு யார் கொடுத்தது?

சுருக்கப்பட்ட உருவத்தில் பகுதிகளுக்கு முன்பே முழுமை நமக்குக் கிட்டிவிடுகிறது. அதனால் பொருளின் மீது நமக்கோர் ஆற்றல் வந்ததாக உணர்கிறோம் என்பது லெவி ஸ்ட்ராஸின் கருத்து. அந்த இன்பத்தை நான் மறுக்கவில்லை. கைக்குள் அடங்கியது அறிவுக்குள்ளும் அடங்கிவிட்டதாக நம்பும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

அசல் எஞ்சின்களின் கதையைக் கேளுங்கள். போருக்குப் பின், 1950 வாக்கில், மூன்று 05 எஞ்சின்களும் கவசமில்லாத சாதாரண எஞ்சின்களாகிவிட்டிருந்தன; 1958 வரை அப்படியே ஓடின. சாதனை படைத்த 05 002 பின்னர் உடைக்கப்பட்டது. எஞ்சிய 05 001-க்கு 1960களின் தொடக்கத்தில் சிவப்புக் கவசத்தை மீண்டும் ஓரளவு பூட்டி நியூரம்பர்க் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார்கள். உழைத்துத் தேய்ந்த உருவம் போய், புகழ்பெற்ற உருவம் திரும்பியது. அசலே தன் இளமையின் மாதிரியாக நிற்கிறது!

பெர்லினின் கிரூனவால்ட் நிலையத்தில் 17-ஆம் நடைமேடை இருக்கிறது. அதன் விளிம்பில் பதித்த 186 எஃகுத் தகடுகளில் வண்டி புறப்பட்ட நாள், ஏற்றப்பட்ட யூதர்களின் எண்ணிக்கை, சென்ற இடம் ஆகியவை மட்டுமே உள்ளன. ஜெர்மானிய ரயில்வே நிறுவனமே 1998-இல் அமைத்த நினைவிடம் அது. எஞ்சினின் உருவம் எதுவும் அதில் தேவைப்படவில்லை.

நண்பர் தம் எஞ்சினைத் தூக்கி எறிய வேண்டாம். அலமாரியில் அதன் அருகே ஒரு சிறு அட்டையை வைக்கட்டும். வேகம், எடை, சக்கர அளவு எல்லாம் எழுதியபின், கீழே அந்தக் கட்டண விவரத்தையும் எழுதட்டும். எழுதியபின் என்னை அழைக்கட்டும். அந்த எஞ்சினை ரசிக்க நானும் வருகிறேன்.