பாஸ் என்கிற பச்சை எழுத்து

"டெஸ்ட் போட்டாச்சு, பாஸ் ஆயிடுச்சு. ராம்ல ஒண்ணும் இல்ல." கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் இதைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. மிஷினே சொல்லிவிட்டது, பிறகென்ன என்று எல்லோரும் நம்புகிறார்கள். இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன்: இது தப்பான நம்பிக்கை, ஏழைகளின் காசைக் கரைக்கிற நம்பிக்கை.

ஆனையூரில் எங்கள் தெருவில் தையல் வேலை பார்க்கும் ஒரு அக்கா, கல்லூரியில் படிக்கும் மகளின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "போர்டு போச்சுன்னுட்டாங்க தம்பி, ஒம்போதாயிரம் ஆகுமாம்." அடிக்கடி உறைந்து நிற்கிறது, டவுனில் ஒரு கடையில் அதன் நினைவகமான ராமைச் சோதித்துப் பாஸ் என்றிருக்கிறார்கள். ராம் நன்றாக இருந்தால் மதர்போர்டுதான் கெட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கடைத் தம்பியிடம் கேட்டு, ராமைச் சோதித்த மென்பொருள் இருக்கும் பென் டிரைவையே வாங்கிப் பார்த்தேன். உள்ளே, அந்த மென்பொருள் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கன்ஃபிக் ஃபைல், பத்துப் பன்னிரண்டு வரிதான். ஒரு வரி, சோதனையை ஒரே சுற்றோடு நிறுத்தச் சொன்னது. இன்னொரு வரி, 4 ஜிபிக்கு மேல் போகாதே என்றது. என்றைக்கோ 4 ஜிபி மிஷின்களுக்காக எழுதி வைத்தது. அக்காவின் லேப்டாப்பில் இருந்ததோ 8 ஜிபி. பாதி ராமைத் தொடாமலே பச்சை எழுத்தில் பாஸ் வந்திருக்கிறது. இரண்டு வரியையும் மாற்றி ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். விடியும்போது திரையில் சிவப்புச் சிவப்பாகப் பிழைகள். லேப்டாப்பில் இருந்த இரண்டு ராமையும் தனித்தனியாகப் போட்டுப் பார்த்ததில் ஒன்று பழுது. போர்டில் ஒரு குறையும் இல்லை.

"கன்ஃபிக் ஃபைல் வெறும் செட்டிங்தானே" என்பார்கள். எதைச் சோதிப்பது, எவ்வளவு நேரம் சோதிப்பது, எத்தனை பிழை வந்தால் ஃபெயில் என்பது என எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்கிறது. தப்பாக இருந்தால் மென்பொருள் கத்திச் சொல்லும் என்றும் நினைக்கக் கூடாது. நோட்பேடில் புது ஃபைலாகச் சேமித்தால் பெயரின் வாலில் .டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளக்கூடும், விண்டோஸ் வழக்கமாக அதை மறைத்து வைக்கும். அப்போது மென்பொருள் தேடும் பெயரில் ஃபைல் இருக்காது. பல மென்பொருள்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் டிஃபால்ட்டில் ஓடி, பாஸ் போட்டுவிட்டுப் போகும். நாம் எழுதியதுதான் ஓடியது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம்.

சின்னக் கடைகளின் அஜாக்கிரதை என்று ஒதுக்கவும் முடியாது. 2024 ஜூலை 19, நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் உலகெங்கும் அனுப்பியது புது மென்பொருள் அல்ல, 291 என்ற எண் கொண்ட ஒரு கன்ஃபிக் ஃபைல். 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றார்கள். அதற்குள், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஃபைல் 21 உள்ளீடுகளைக் கேட்டது, மென்பொருள் 20தான் தந்தது. அனுப்பும் முன் அதைச் சரிபார்த்த கருவியும் 21 வரும் என்றே எண்ணிக்கொண்டு பாஸ் போட்டிருந்தது. முந்தைய சோதனைகளில் அந்த 21ஆவது இடத்தில் 'எதுவானாலும் சரி' என்று இருந்ததால் ஓட்டை வெளியே தெரியவில்லை.

பூக்காரரின் மின்னணுத் தராசுக்கே வருஷத்துக்கு ஒருமுறை முத்திரை போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒன்பதாயிரம் ரூபாய்ச் செலவை முடிவு செய்கிற பென் டிரைவை யார் பார்க்கிறார்கள்?

ஒரு நாளைக்குப் பத்து மிஷின் வருகிற கடையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று தொழில்காரர்கள் கேட்பது எனக்குத் தெரியும். நேரம் வேண்டாம், ஒரு பழுதான ராம் போதும். அக்காவின் லேப்டாப்பிலிருந்து கழற்றியதை அவரிடம் கேட்டு வாங்கி, 'கெட்டது' என்று மார்க்கரில் எழுதி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். கன்ஃபிக் ஃபைலில் கைவைத்த ஒவ்வொரு முறையும் முதலில் அதைத்தான் போட்டு ஓட்டுவேன். அதற்கும் பாஸ் வந்தால் அந்தப் பென் டிரைவை அடுத்தவர் மிஷினில் செருக மாட்டேன்.