அப்பன் தொழில் அவனுக்கு எதற்கு?

கம்ப்யூட்டர் கம்பெனி வேலைக்கு ரெஸ்யூமே எழுதுவது எப்படி என்று கல்லூரிக்குக் கல்லூரி பயிற்சி நடக்கிறது. ஒரே பக்கத்தில் எழுது, செய்ததைச் சொல், இங்கிலீஷைத் திருத்து என்கிறார்கள். எல்லாம் சரி. அந்தப் பக்கத்தை வாசிக்கிறவன் எதைத் தேடி வாசிக்கிறான் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சுகதேவ் தோராட்டும் பால் அட்வெலும் 2007 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே தகுதி, பெயர் மட்டும் வேறு. மேல்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு; முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. இதற்குப் பெயர்தான் மெரிட்!

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லையே என்பார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு வெட்டச் சொன்ன வால் அது. வால் போனால் மோப்பம் போய்விடுமா? நிரந்தர முகவரியில் ‘காலனி’. படித்தது ஆதிதிராவிடர் நலப் பள்ளி. தகப்பன் தொழில், கூலி. இது போதாதா அவனுக்கு? அரசுப் பதிவேடுகளிலிருந்து ‘காலனி’ என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நம் பிள்ளைகளோ பழைய பயோடேட்டா மாதிரியைப் பார்த்து அதே சொல்லைத் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார்கள்.

பேத்துப்பாறையில் பீன்ஸ், உருளைக்கிழங்குக் காட்டுக்குக் கூலிக்குப் போகிற வீடுகளை நினைத்துத்தான் எழுதுகிறேன். பக்கத்தில் கொடைக்கானலில் 1984 முதல் மகளிர் பல்கலைக்கழகமே இருக்கிறது. பட்டம் மலையேறி வந்துவிட்டது. வேலைக்கு மலையிறங்கித்தான் போகவேண்டும், கையில் அந்த ஒரு தாளோடு.

அதனால் சொல்கிறேன்: தகப்பன் பெயர், தொழில், மதம், சொந்த ஊர், பத்தாவது படித்த பள்ளி எதுவும் வேண்டாம். அடித்துவிடு. பெயர், போன் நம்பர், ஈமெயில் போதும். ‘ஜாவா தெரியும்’ என்று எழுதாதே. ஜாவாவில் என்ன செய்தாய், யார் பயன்படுத்தினார்கள் என்று எழுது. செய்த நிரலை இணையத்தில் போட்டு முகவரி கொடு. விளம்பரத்தில் கேட்கிற திறன் உனக்கு இருந்தால் அதே சொல்லால் குறிப்பிடு. பல இடங்களில் முதலில் சலிப்பது மென்பொருள்தான். படிக்கும்போதே ஓட்டலில் வேலை பார்த்தாயா? கூசாமல் எழுது. அது உன் உழைப்பு.

‘இது சாதியை மறைக்கிற வேலை, அம்பேத்கர் பிள்ளைகள் செய்யலாமா?’ என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நான் வங்கிக் குமாஸ்தா. தேர்வெழுதி, சாதிச் சான்றிதழை நீட்டி உள்ளே வந்தவன். அரசியல் சட்டத்தின் 16(4) ஆவது பிரிவு நமக்குத் திறந்த வழி அது. உரிமை கொடுக்கிற இடத்தில் சான்றிதழைத் தலைநிமிர்ந்து காட்டு. ஒரு சதவீத இடஒதுக்கீடும் தராத முதலாளிக்கு எதற்குக் காட்டவேண்டும்? ஒதுக்கித் தள்ளவா?

தாளில் அடித்துவிட்டால் தீர்ந்ததா? தீராது. நேர்காணலில் ‘எந்த ஊர்ப்பா, அப்பா என்ன பண்றார்?’ என்று நைசாக வரும். 2007 இல் வெளியான ஆய்வுக்காக ஜோத்காவும் நியூமனும் பேட்டி கண்ட மனிதவள அதிகாரிகள், தகுதிதான் முக்கியம் என்ற அதே வாயால் குடும்பப் பின்னணியும் கேட்போம் என்றார்கள். கடல் தாண்டினாலும் விடாது. சிஸ்கோவில் ஒரு தலித் பொறியாளருக்குச் சாதிப் பாகுபாடு நடந்ததாக 2020 இல் கலிஃபோர்னியா மாநில அரசே வழக்குப் போட்டது. 2023 இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவில் இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் ரத்துசெய்தார்.

ஆகவே தோழர்களே, மாணவர்களை உட்காரவைத்து ரெஸ்யூமே எழுதக் கற்றுக்கொடுங்கள். கூடவே இந்தக் கோரிக்கைகளையும் தெருவுக்குக் கொண்டுவாருங்கள்: பெயரும் ஊரும் மறைத்து விண்ணப்பம் சலிக்கவேண்டும். அரசு நிலமும் சலுகையும் வாங்கிய ஒவ்வொரு கம்பெனியும் எத்தனை தலித்துகளுக்கு, எத்தனை பழங்குடிகளுக்கு வேலை கொடுத்தது என்று வெளியிடவேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும். நம் பிள்ளைகள் தங்கள் வரலாற்றை எழுதிக் கொடுத்தது போதும். கம்பெனிகள் தங்கள் வரலாற்றை எழுதிக் கொடுக்கட்டும்.