பழைய டிராக்டரை எக்ஸ்சேஞ்ச் போடுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

உங்க சொந்த ஊர் ஜமுனாமரத்தூர் பக்கம், வேலை ஓசூரிலோ சென்னையிலோன்னு வச்சுக்குவோம். வீட்ல பழைய டிராக்டர் ஒண்ணு நிக்குது. "எக்ஸ்சேஞ்ச்ல போட்டு புதுசு எடுத்துடலாம், மீதிக்கு நீ லோன் போடுப்பா"ன்னு அப்பா போன்ல சொல்றார். அஞ்சு வருஷம் உங்க சம்பளத்துல இருந்து போகப்போற பணம் இது. அதனால என் கருத்தை நேராவே சொல்லிடறேன்: வருஷத்துக்கு 200 மணி நேரம்தான் ஓடுது, வண்டி ரிப்பேருக்கு அடங்கும்னா, புதுசு வேண்டாம்.

எக்ஸ்சேஞ்ச் விலையை நம்பாதீங்க. ஒரு உதாரணம். டீலர் புது வண்டிக்கு 7 லட்சம் சொல்றார், உங்க பழசுக்கு 1.80 லட்சம் தர்றார். நீங்க கட்டவேண்டியது 5.20 லட்சம். "பழசு வேண்டாம்ணே, ரொக்கமா எடுத்தா எவ்வளவு?"ன்னு கேளுங்க. 6.70 லட்சம்னு சொன்னா, உங்க வண்டிக்கு அவர் உண்மையில் போட்ட விலை 1.50 லட்சம்தான். வெளியில 1.75-க்கு ஆள் இருந்தா, எக்ஸ்சேஞ்ச்ல 25,000 ரூபாய் நஷ்டம். விக்கிறது ஒரு வியாபாரம், வாங்குறது இன்னொரு வியாபாரம். ரெண்டையும் தனித்தனியா பேசுங்க.

மணிக்கு என்ன செலவு? அதே 5.20 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி, 5 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 11,570 ரூபாய். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1.39 லட்சம். 200 மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 700 ரூபாய்; டீசல், டிரைவர் கூலி தனி. பழசுக்கு 60,000 ரூபாயில் இன்ஜின் வேலை பார்த்து அஞ்சு வருஷம் ஓட்டினா மணிக்கு 60 ரூபாய். இன்னொண்ணு: டிராக்டர் கடன்ல அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணை கிடைக்கலாம். உங்க பர்சனல் லோனுக்கு மழையும் தெரியாது, சாமை விளைச்சலும் தெரியாது. மாசம் பிறந்தா எடுத்துக்கும்.

"ஜி.எஸ்.டி. குறைஞ்சிருக்கே"ன்னு கேப்பீங்க. உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12-லிருந்து 5 சதவீதம். வரிக்கு முந்தைய விலை 6 லட்சம்னா 42,000 ரூபாய் மிச்சம். ஆனா டிராக்டர் டயருக்கும் பல உதிரி பாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆயிருக்கு. ரிப்பேர் செலவும் குறையுதே!

பழசுக்குப் பழசு மாத்துறீங்களா? எச்.பி.யை மட்டும் பார்க்காதீங்க. கம்பெனி இன்னைக்கு யார் கையில இருக்குன்னு பாருங்க. மாசி பெர்குசனை சென்னை டாஃபே தயாரிக்குது. ஐஷர் டிராக்டர் 2005-லயே டாஃபே கைக்கு வந்தாச்சு. ஸ்வராஜ் 2007-ல் மஹிந்திரா வசம் போச்சு. இதுக்கெல்லாம் பாகம் தேடி அலையற வேலை குறைவு. எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட 2016-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தாச்சு. வண்டி நல்லா ஓடலாம். ஆனா மெக்கானிக்கும் பாகமும் போளூரிலிருந்தோ திருப்பத்தூரிலிருந்தோ மலை ஏறி வரணும்னா, உழவு நாள் காத்திருக்காது. விலையைக் குறைச்சுக் கேளுங்க.

ரெண்டு இடத்துல மட்டும் கணக்குப் பார்க்காதீங்க. முதல்ல பிரேக். மூட்டை ஏத்தின டிரெய்லரோட மலைப்பாதையில் இறங்குற வண்டி அது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரி பண்ண முடியாதுன்னு மெக்கானிக் சொல்லிட்டா, மாத்திடுங்க. அங்க ஓட்டப்போறது அப்பா.

ரெண்டாவது ஆர்.சி. வண்டி கை மாறியும் பேர் மாறலைன்னா, விபத்து நடந்தா இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டுல இருக்கிற உரிமையாளருக்குத்தான். 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொல்லியிருக்கு. படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டா மட்டும் போதாது, ஆர்.டி.ஓ. பதிவுல பேர் மாறிடுச்சான்னு பார்த்துட்டுத்தான் விடணும். பழைய கடன் இருந்தா படிவம் 35-ம் பேங்க் என்.ஓ.சி.யும் வேணும்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ டிராக்டர்ல இருக்கிற மணி மீட்டரைப் படிச்சு எழுதி வைங்க. மீட்டர் ஓடலைன்னா, போன வருஷம் எத்தனை நாள் உழவு, எத்தனை நடை லோடுன்னு அப்பாகிட்டயே கேளுங்க. லோன் பேச்சை அதுக்கப்புறம் ஆரம்பிக்கலாம்.