செடியைக் கத்தரிக்கும் காலம்

விழாவுக்கு முதல்நாள் பாடசாலை வளவிற் செவ்வரத்தை வேலியைக் கத்தரிக்கும் காட்சியை நம்மவர் பலரும் கண்டிருப்பர். ஆசிரியனாயிருந்த காலத்தில் நானும் அவ்வாறு செய்வித்தவனே. அது ஆடி மாதம். கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருந்தது. பிரமுகர் ஒருவர் வருகிறார் என்பதற்காக வேலியை முழங்காலளவுக்கு வெட்டுவித்தேன். விழா சிறப்பாக நடந்தேறியது. ஆவணி கழியுமுன் வேலியிற் பாதி பட்டுப்போயிற்று. அன்று நான் அழைப்பிதழைப் பார்த்தேனேயன்றிச் செடியைப் பார்க்கவில்லை.

கத்தரித்தல் வெறும் அழகுவேலை என்று கருதுவது தவறு. கிளையின் நுனிமொட்டிற் சுரக்கும் ஒட்சின் என்னும் பதார்த்தம் பக்கமொட்டுகளை அடக்கிவைக்கிறது. நுனி நீங்கியதும் அவை துளிர்க்கின்றன. துளிர்ப்பதற்கோ நீர் வேண்டும். எழுவான்கரையின் மணல்நிலம் நீரை நெடுநாள் தாங்குவதில்லை. ஆனி, ஆடி, ஆவணியில் ஆழ வெட்டுவது, பட்டினி கிடப்பவனிடம் கடன் கேட்பதை ஒக்கும்.

அப்படியானால் உரிய காலம் எது? ஆங்கிலத் தோட்ட நூல்கள் பலவும் பனிக்காலம் கழியும் வேளையைச் சொல்லும். தமிழ்நாட்டு மல்லிகைத் தோட்டக்காரர் நவம்பர் இறுதியில், தரையிலிருந்து ஏறத்தாழ அரை மீற்றர் உயரத்தில் வெட்டுவர். இரண்டும் அவ்வந் நிலத்துக்குப் பொருத்தமானவையே. இங்கோ நவம்பரில் வடகீழ்ப் பருவமழை கொட்டும், வாவி கரைபுரளும். வெட்டுவாய் உலராமற் பூஞ்சணம் பற்றும். அயலார் நாட்காட்டியை அப்படியே எடுத்தாளுதல் நமக்கு உதவாது.

மாசி மாதமே நமக்கு ஏற்றது என்பது என் துணிபு. மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் எஞ்சியிருக்கும், வெயிலும் கடுமை கொண்டிராது. செவ்வரத்தையும் மல்லிகையும் புதுத்தளிரிற் பூப்பவை. ஆதலால் அப்போது வெட்டுவதாற் பின்வரும் பூவே பெருகும். எனினும் ஒரே முறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. போகன்விலாவை மட்டும் ஒரு பூப்பு முடிந்த பின்னரே தொடுதல் நன்று.

புயலுக்கு முன் குறைக்க வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். 1978 நவம்பர் 23 ஆம் நாட் சூறாவளியைக் கண்டவர் அவ்வாறு கேட்பது நியாயமே. புரட்டாசி இறுதியில், முதல் மழை கண்டபின், உயர்ந்தோங்கிய கிளைகளைச் சிறிது தணிக்கலாம். காய்ந்த கிளையை எக்காலத்தும் நீக்கலாம். இவை வேறு, மொட்டையடித்தல் வேறு.

ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு ஒரு குறிப்பேடு எழுதுவித்தல் வேண்டும்: மழை பெய்த நாள், வெட்டிய நாள், துளிர்த்த நாள். மூன்றாண்டுக் குறிப்பு, நம் வளவுக்கு எந்நூலினும் சிறந்த நூலாகும்.

நான் இப்போது மாசியிலேயே வெட்டுகிறேன். ஆடியில் விருந்தினர் வந்தால், முற்றத்தைக் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறேன்.