நெட் நல்லாத்தான் இருக்கு, குரல்தான் வரலை

"கூகுள் ஓப்பன் ஆகுதா சார்? அப்ப நெட் நல்லாத்தான் இருக்கு. எதிர்ப்பக்கம்தான் பிரச்னை." வெளியாட்களோடு வீடியோ மீட்டிங் சொதப்பும்போதெல்லாம் எங்கள் வங்கியின் ஐடி பிரிவு சொல்கிற பதில் இது. நான் வெறும் பி.காம்.தான். ஆனாலும் நாக்பூருக்கு மாற்றலாகி வந்து இத்தனை மீட்டிங் பார்த்தபின் சொல்கிறேன், இந்தப் பதில் தப்பு.

கவனித்துப் பாருங்கள். லிங்க் திறக்கும், நம் பெயர் தெரியும், சாட் கூடப் போகும். குரலும் படமும் மட்டும் வராது, வந்தாலும் துண்டு துண்டாக வரும். லிங்க்கும் சாட்டும் சாதாரண வெப்சைட் மாதிரி டிசிபி 443 போர்ட் வழியே, பிராக்ஸியைத் தாண்டிப் போய்விடும். குரலும் படமும் போக நினைப்பது யுடிபி வழியில். டீம்ஸுக்கு 3478 முதல் 3481 வரை, ஜூமுக்கு 8801 முதல் 8810 வரை. ஃபயர்வாலில் அது பூட்டியிருந்தால், ஆப் வேறு வழியில்லாமல் குரலையும் 443-க்குள்ளேயே திணிக்கும்.

திணித்தால் என்ன ஆகும்? நம் கேஷ் கவுன்டர்தான் உதாரணம். டோக்கன் 14 கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டார். அவர் போட்டுக்கொண்டு வரும்வரை 15, 16, 17 எல்லாரும் நிற்க வேண்டும் என்பது டிசிபி. 14 இல்லையா, விடு, 15 வா என்பது யுடிபி. பேலன்ஸ் ஷீட் அனுப்ப முதல் முறைதான் சரி. பேச்சுக்கு அது ஆகாது. மூன்று வினாடி முன்னால் சொன்ன "ஆமாம்" இப்போது வந்து யாருக்கு லாபம்? இதில் பிராக்ஸி வேறு ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்து மறுபடி கட்டி அனுப்புகிறது. எங்கள் கிளையின் டிராஃபிக் மும்பை போய்த்தான் வெளியே வரும் என்பதால், எதிர்த்தெரு ஆடிட்டரின் குரலும் மும்பையைச் சுற்றிக்கொண்டுதான் வருகிறது. இதற்குப் போய் பேண்ட்விட்த்தைக் கூட்டுகிறார்கள்!

இது வெறும் அசௌகரியம் என்று நினைக்காதீர்கள். திவால் நடவடிக்கையில் கடன் கொடுத்தவர்கள் கமிட்டி கூடும்போது வீடியோவில் கலந்துகொள்ள 2016 விதிமுறைகளே இடம் தருகின்றன. அங்கே நம் அதிகாரியின் குரல் அறுந்தால், டெபாசிட்தாரர் பணத்துக்குப் பேச அந்த நேரத்தில் ஆளில்லை.

ஃபயர்வாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்ளே கோர் பேங்கிங் இருக்கிறது, ஐடிகாரர்களின் பயம் நியாயம்தான். ஆனால் முழுக்க மூடியதால் நடப்பதைப் பாருங்கள். ஆபீசர் சொந்த லேப்டாப்பைத் திறந்து, சொந்த மொபைல் ஹாட்ஸ்பாட்டில் உட்காருகிறார். ஸ்கிரீனில் காட்டவேண்டுமே என்று கம்பெனியின் கணக்கை வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிக்கொள்கிறார். அங்கே பிராக்ஸியும் இல்லை, லாக்கும் இல்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதை. இதைவிட அந்தக் குறிப்பிட்ட போர்ட்களை மட்டும், அந்தந்த நிறுவனம் வெளியிட்டிருக்கும் முகவரிகளுக்கு மட்டும், உள்ளிருந்து வெளியே போகத் திறப்பது எவ்வளவோ பாதுகாப்பு. டீம்ஸ் குரலை பிராக்ஸி வழியே அனுப்பாதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. அப்படியும் பயமா? மண்டல அலுவலகத்தில் ஒரு மீட்டிங் அறையை கோர் பேங்கிங்கைத் தொடாத தனி விலானில் போடுங்கள்.

புகார் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "குரல் சரியில்லை" என்று எழுதினால் டிக்கெட்டை மாலைக்குள் மூடிவிடுவார்கள். ஜூமில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், டீம்ஸில் கால் ஹெல்த் என்று ஒரு பக்கம் உண்டு. அதில் லேட்டன்சி, பாக்கெட் லாஸ் எண்கள் ஓடும். மீட்டிங் நடக்கும்போதே படம் பிடித்து, நேரத்தோடு அனுப்புங்கள். ஆப் நுழையவே மறுத்தால் பிரவுசரில் முயலுங்கள். பிராக்ஸி கேட்கும் பாஸ்வேர்டை பிரவுசர் தானே கொடுத்துவிடும், சில ஆப்களுக்கு அது தெரியாது.

வீட்டிலிருந்து ஆபீஸ் விபிஎன்னில் வேலை செய்யும் கணவரோ, மனைவியோ, பிள்ளையோ பிராட்பேண்ட்காரரைத் திட்டினால், அதே வைஃபையில் ஊரிலிருக்கும் அம்மாவை வாட்ஸ்அப் வீடியோவில் கூப்பிட்டுப் பாருங்கள். அம்மா தெளிவாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டியது விபிஎன்னைத்தான். (அம்மாவுக்கும் சந்தோஷம்.)

தனி அறை யோசனையை மேலே எழுதிக் கொடுத்திருக்கிறேன். "சர்குலர் வரட்டும், பார்க்கலாம்" என்றிருக்கிறார்கள்.